காட்சிக்கூடத்துச் சாமிக்குக் குங்குமம் வைக்காதீர்கள்

இந்த விடுமுறையிலும் அதே கதைதான். டெல்டாவில் நான் போய்வரும் காட்சிக்கூடம் ஒன்றில், திறந்த பீடத்தில் நிற்கும் அம்மன் திருமேனியின் பாதத்தில் குங்குமம். பீடத்தில் விபூதி. மடங்கிய விரல்களுக்கு நடுவே ஈரம் காயாத மல்லிகைச் சரம். வைத்தவர்கள் பக்தியோடுதான் வைத்திருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய உலோகத் திருமேனிகளைப் பழுது பார்த்துப் பாதுகாப்பது என் தொழில். அந்தப் பக்தி என்ன செய்கிறது என்பதை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவள்.

தடுத்துச் சொன்னால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "ஏம்மா, கோயில்ல தினம் பாலும் தயிரும் ஊத்துறாங்க. ஆயிரம் வருஷமா அந்தச் சாமிக்கு ஒண்ணும் ஆகலை. நான் ஒரு விரல் வச்சா ஆயிடப் போகுதா?"

கோயிலில் ஒன்றும் ஆகவில்லை என்று யார் சொன்னது? பல தலைமுறையாக வழிபாட்டில் இருக்கும் உற்சவர் ஒருவரின் முகத்தைக் கிட்டத்தில் பாருங்கள். மூக்கு நுனி மழுங்கியிருக்கும், உதட்டுக் கோடு கரைந்திருக்கும், கண்ணைப் பின்னாளில் யாரோ திரும்பச் செதுக்கியிருப்பார்கள். புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்த தேய்ப்பு அது. கோயிலில் அது முறை. அங்கே தெய்வம் புழக்கத்தில் இருக்கிறது. அபிஷேகம் முடிந்ததும் கழுவித் துடைத்து வஸ்திரம் சாத்த ஆள் இருக்கிறார். தேய்ந்தால் தேயட்டும் என்று ஊரே ஒப்புக்கொண்ட தேய்மானம் அது.

காட்சிக்கூடத்துத் திருமேனிகளின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலானவை மண்ணுக்குள் கிடந்தவை. படையெடுப்புக்குப் பயந்து குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போனார்கள். எடுக்கத் திரும்பி வரவில்லை. பல நூறு வருஷம் நம் காவிரி வண்டலில் கிடந்ததால்தான் விரல் நகமும் இடுப்பு மணிக்கோவையும் அச்சு அசலாக மிஞ்சியிருக்கின்றன. அதே மண்ணின் உப்பும் செம்புக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அந்த உப்பு சும்மா கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சாவூர்க் காற்றும் நாகப்பட்டினக் காற்றும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நிலையில் வியர்த்த கையோடு தொட்டால், உள்ளே இருக்கும் உப்போடு உங்கள் உப்பும் சேர்கிறது. வெளிர்பச்சையாகப் பொடி கிளம்பும். பூஜைச் சொம்பில் பிடிக்கும் களிம்பு போலத்தானே என்று நினைக்காதீர்கள். சொம்புக் களிம்பு மேலோடு நிற்கும். இது உலோகத்தைத் தின்றுகொண்டே உள்ளே போகும். தின்ற இடத்தில் புது அமிலம் ஊறும், அந்த அமிலம் மறுபடியும் தின்னும். வெண்கல நோய் என்றே இதற்குப் பெயர். சுரண்டி எடுத்து, மருந்து வைத்து, மெழுகு பூசி நிறுத்தலாம். போன உதடு போனதுதான்.

குங்குமத்தைத் துணியால் துடைத்தால் போகாதா என்றும் கேட்கிறார்கள். போகாது. இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் சாயம்தான். அது நுண்துளைக்குள் இறங்கிவிடும். அதை எடுக்க முதலில் பழைய மெழுகுப் பூச்சைக் கரைக்க வேண்டும், பிறகு புதிதாகப் பூச வேண்டும். நீங்கள் ஒரு நொடியில் வைத்த பொட்டுக்கு எங்களுக்கு ஒரு நாள் வேலை.

இன்னொரு கூட்டம் நகத்தால் சுரண்டிப் பார்க்கிறது, ஐம்பொன்னில் தங்கம் தெரிகிறதா என்று. தெரியாது! சோழர் காலத் திருமேனிகளில் பெரும்பங்கு செம்பு, கொஞ்சம் ஈயமும் வெள்ளீயமும். தங்கமும் வெள்ளியும் இருந்தாலும் பெயருக்குத்தான். இந்தத் தங்கக் கதையை நம்பித்தான் எத்தனையோ கோயில் பூட்டுகளை உடைத்தார்கள்.

வயலில் வேலை பார்க்கும் அண்ணன்களுக்கும் இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். குழி வெட்டும்போது சிலை கிடைத்தால் தயவுசெய்து கழுவாதீர்கள். தாசில்தார் வந்து சேர்வதற்குள் புளி போட்டுத் தேய்த்துப் பாலபிஷேகமும் முடித்துவிடுகிறீர்கள். மண்ணோடு அப்படியே நிழலில் வையுங்கள், விஏஓவுக்குச் சொல்லுங்கள். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறும் எந்தப் புதையலையும் கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம்தான், ஆனால் கேளுங்கள். முதுகுப் பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். செல்ஃபிக்காகத் திரும்பும்போது இடிப்பது அதுதான். தஞ்சாவூர் ஓவியங்கள் இருக்கும் அறையில் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். கல் சிற்பத்தின் மேல் சாய்ந்துகொண்டு படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கி "சாமி கையைத் தொட்டுக் கும்பிடு" என்று சொல்லாதீர்கள், அதைவிட ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. உள்ளே நுழையும்போதே கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்கள்தான் கேட்பதில்லை.

நிதானமாகப் பாருங்கள் என்பதைக் கெஞ்சியே கேட்கிறேன். பெரிய கோயிலுக்குப் போகிற வழியில் அரை மணி நேரம் என்று அரண்மனைக்குள் ஓடி வருகிறீர்கள். 1951இல் தொடங்கிய தஞ்சாவூர்க் கலைக்கூடம் அங்கேதான் இருக்கிறது. திருவெண்காட்டு ரிஷபவாகனர் அதில் நிற்கிறார். 1011இல் செய்தது. காளை இல்லை, அதன்மேல் சாய்ந்திருந்த கை மட்டும் அதே ஒய்யாரத்தில் மடங்கியிருக்கிறது. நேர் எதிரே நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போகாமல், பக்கவாட்டில் நான்கடி தள்ளி நின்று, இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது, பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று பாருங்கள். தலைப்பாகை மாதிரிச் சுற்றியிருப்பது துணி இல்லை, சடை. முதுகுப் பக்கம் போக வழி இருந்தால் கட்டாயம் போங்கள். கண்ணில் படாத முதுகுக்கும் முகத்துக்குச் செய்த வேலையையே ஸ்தபதி செய்திருப்பார்.

கும்பிடத் தோன்றினால் கும்பிடுங்கள். தள்ளி நின்று கை கூப்புவதை யாரும் தடுக்க மாட்டார்கள், நானும் அப்படிக் கும்பிடுகிறவள்தான். பூவும் குங்குமமும் அர்ச்சனையும் வேண்டுமென்றால் திருவெண்காட்டுக்கே போய்விடுங்கள். கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது, சீர்காழியிலிருந்து பக்கம்தான்.