டெஸ்ட் போட்டுக்கொண்டே இருந்தால் ரீடிங் வந்துவிடாது

இந்த மாதமும் ஒருவர் வந்தார். தேவகோட்டைப் பக்கத்து நர்ஸ். மருத்துவத் துறையினர் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஓஇடியில் மற்றதெல்லாம் தேறிவிட்டது, பத்தியைப் படித்து விடை சொல்லும் ரீடிங் மட்டும் 330-ஐத் தாண்ட மறுக்கிறது. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய 350 வேண்டும். போன் நிறைய ஆப், ஆப் நிறைய மாதிரி டெஸ்ட், எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டார். உட்கார்ந்ததும் கேட்டது: "இன்னும் டெஸ்ட் எங்க மிஸ் கிடைக்கும்?"

காரைக்குடியில் இந்தத் தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. "ஆயிரம் டெஸ்ட் போடுங்கள், ஸ்கோர் தானாக ஏறும்" என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் மேல்தான் கோபம். மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் இறங்கிவிடுமா? நர்ஸுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் டெஸ்ட் விஷயத்தில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். போடுவது, மார்க் பார்ப்பது, வருத்தப்படுவது, அடுத்ததைத் திறப்பது.

சரி, தப்பு எங்கே நடக்கிறது? அந்த நர்ஸிடம் ஒரு சின்னப் பத்தி கொடுத்தேன். ஓஇடி ரீடிங்கில் பி பகுதி இப்படித்தான் இருக்கும்: மருத்துவமனை அறிவிப்பு, கையேட்டுக் குறிப்பு என்று ஆறு சிறு பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி, மூன்று விடைகள். நான் எழுதிக் கொடுத்ததன் சாரம் இது: மருந்து பம்ப்பில் பேட்டரி விளக்கு எரிந்தால் பம்ப்பை நிறுத்தாமல் மின் இணைப்பில் செருகவும், பிறகு வார்டு பொறுப்பாளரிடம் தெரிவிக்கவும். விடைகள்: பேட்டரி விளக்கு எரிந்ததும் பம்ப்பை நிறுத்த வேண்டும், சிகிச்சை தடைபடாமல் பார்த்துக்கொண்டு மேலே சொல்ல வேண்டும், பேட்டரியை நர்ஸே மாற்ற வேண்டும்.

அவர் முதலாவதைப் போட்டார். "ஏம்மா இது?" என்றேன். "பேட்டரி, விளக்கு, பம்ப்பு எல்லாம் அதுலதான மிஸ் இருக்கு?"

அவ்வளவுதான் நோய். இதே அறிவிப்பு வார்டு சுவரில் இருந்தால் அந்தப் பெண் தப்பே செய்ய மாட்டார். டெஸ்ட் என்றதும் படிப்பதை விட்டுவிட்டு வார்த்தை தேட ஆரம்பித்துவிடுகிறார். கேள்வி எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பத்தியில் இருக்கும் அதே வார்த்தைகளைப் பெரும்பாலும் தப்பான விடையில் வைப்பார்கள், சரியான விடையை வேறு வார்த்தையில் சொல்லுவார்கள். 'கீவேர்டைப் பிடி, விடையைப் பிடி' என்று சொல்லிக் கொடுக்கும் வகுப்புகள் பிள்ளைகளை நேராக அந்தப் பொறிக்குள்தான் அனுப்புகின்றன. ஆயிரம் டெஸ்டை இப்படிப் போட்டால் ஆயிரம் தடவை அதே தப்பு கைக்குப் பழகும். இதைத் தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தப்பு, வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கப்படும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்களிடம் அதிகம். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பற்றி ஒரு பத்தி கொடுத்தேன்: கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைக்கிறார்கள். 'இயந்திரத்தில் செய்த கல்லைவிட இதன் விலை அதிகம்' என்ற வாக்கியத்துக்குப் 'சரி', 'தப்பு', 'பத்தியில் சொல்லவில்லை' என்ற மூன்றில் பள்ளத்தூர்ப் பையன் 'சரி' என்று போட்டான். வீடு கட்டியபோது அப்பா விசாரித்தாராம். பத்தியில் விலை பற்றிப் பேச்சே இல்லையே! உங்களுக்குத் தெரிந்ததைத் தேர்வு கேட்கவில்லை, பத்தி சொன்னதைத்தான் கேட்கிறது.

அப்புறம் எப்படிப் பயிற்சி செய்வது? ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் படியுங்கள். பத்தியைப் படித்துவிட்டு விடையை உங்கள் வார்த்தையில் சொல்லிப் பாருங்கள், தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. அதன் பிறகே கையை எடுங்கள். தப்பான ஒவ்வொரு விடைக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: பத்தி இதற்கு நேர்மாறாகச் சொல்கிறதா, இவ்வளவு தூரம் போகவில்லையா, சொல்லவே இல்லையா, சொன்னது உண்மையாக இருந்தும் இந்தக் கேள்விக்கு விடை அல்லவா? ஒரு வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் நீங்கள் வழக்கமாக விழும் இடம் தெரியும். ஆளாளுக்கு அது மாறும். எந்த ஆப்பும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லி நான் பார்த்ததில்லை.

கடிகாரம் வைத்து முழு டெஸ்ட் போடுவது கடைசி சில வாரங்களுக்கு, அதுவும் வாரம் ஒன்று. ஓஇடி ஏ பகுதிக்கு 15 நிமிடம்தான், முடிந்ததும் அதற்குத் திரும்ப முடியாது. பி, சி பகுதிகளுக்குச் சேர்த்து 45 நிமிடம். ஐஇஎல்டிஎஸ்ஸில் 60 நிமிடத்தில் 40 கேள்வி. தாளில் எழுதினால் விடையை விடைத்தாளில் பெயர்த்து எழுதுவதும் அதற்குள்தான், லிசனிங் போலத் தனி நேரம் கிடையாது. இரண்டிலுமே தப்பான விடைக்கு மார்க் குறையாது, ஒன்றையும் காலியாக விடாதீர்கள். மாதிரித் தாள்களைத் தேர்வு நடத்துகிறவர்களே தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு, 'இந்த மாதக் கேள்வித்தாள்' என்று டெலிகிராமில் விற்பவனிடம் பணம் கட்டாதீர்கள். பணமும் போகும், மாட்டினால் ரிசல்ட்டும் போகும்.

வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நோட்டு நிறைவதற்குள் "எப்பத்தா பரீட்சை?" என்று கேட்டு அவசரமாகத் தேதி போட வைக்காதீர்கள். ஓஇடி கட்டணம் தனியார் மருத்துவமனை நர்ஸ்கள் பலரின் ஒரு மாதச் சம்பளத்தையும் தாண்டிவிடுகிறது. நைட் டியூட்டி முடிந்து வருகிற பிள்ளையைத் தூங்க விடுங்கள். எழுந்த பிறகு ஒரு மணி நேரம் டிவியை அணைத்து வையுங்கள்.