புள்ளிக்குப் பின்னால் ஒரு குவெரி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வியாபாரி ஒருவருக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். கட்டி வெள்ளியை எடை போட்டுப் பட்டறைக்குக் கொடுப்பார், அது கொலுசாகத் திரும்பி வரும். வரவுக்கு ஒரு டேபிள், பட்டறை விவரத்துக்கு இன்னொன்று. வரவு டேபிளில் தேதி, எடை, கூலியோடு பட்டறையின் எண் மட்டும் இருக்கும். பெயர் வேண்டுமென்றால் அந்த எண்ணை வைத்துப் பட்டறை டேபிளில் பார்க்க வேண்டும். மதிப்புகளைக் கொண்டே டேபிள்களைத் தொடர்புபடுத்தும் இந்த முறையை 1970இல் முன்வைத்தவர் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட்.

இந்த டேபிள்கள் இருக்கும் தரவுத்தளத்திடம் எஸ்க்யூஎல் என்ற அதன் மொழியில்தான் பேச வேண்டும். நான் எழுதுவதோ பைத்தான். நடுவில் ஜாங்கோ என்ற பைத்தான் ஃபிரேம்வொர்க் நின்று, டேபிளை கிளாஸாகவும் ஒவ்வொரு பதிவையும் ஆப்ஜெக்டாகவும் மாற்றித் தருகிறது. ‘வரவு.பட்டறை.பெயர்’ என்று எழுதினால் போதும், பெயர் வந்துவிடும். உண்மையிலேயே அருமையான வசதி.

ஆனால் 300 வரவுகளைக் காட்டும் பக்கம் திறக்கவே ஆறேழு விநாடி ஆனது. தரவுத்தளத்திடம் என்னென்ன கேட்கப்பட்டது என்று பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தேன். 301 குவெரி, அதாவது 301 தனித்தனிக் கேள்வி! வரவுகளை எடுக்க ஒன்று. அப்புறம் ஒவ்வொரு வரவிலும் ‘.பட்டறை’ என்ற அந்தப் புள்ளியைத் தொடும்போதெல்லாம் ஒன்று. கேட்கும்போதுதான் எடுப்பேன் என்பது ஜாங்கோவின் வழக்கம். ஒரே பட்டறை 40 வரவில் வந்தாலும் 40 முறை போய்க் கேட்கும். ஜாவாவில் இதே வேலையைச் செய்யும் ஹைபர்நேட்டோ ஒரு செஷனுக்குள், அதாவது தரவுத்தளத்தோடு பேசும் ஒரு சுற்றுக்குள், ஒருமுறை எடுத்ததை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு குவெரியும் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஒரு நடைக்கு 20 மில்லி விநாடி என்று வைத்தாலே 301 நடைக்கு ஆறு விநாடி. தேடுவதற்கு ஆகும் நேரம் அற்பம், நடைதான் செலவு.

சரி, தீர்வு? ‘செலக்ட் ரிலேட்டட்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து, அதாவது பட்டறை எண்ணை வைத்து இணைத்து, பெயரோடு சேர்த்தே எடுத்து வரும்படி எஸ்க்யூஎல் மாறியது. லாகில் ஒரே ஒரு குவெரி.

தலைகீழாக, ஒவ்வொரு பட்டறைக்கும் அதன் வரவுகளைக் காட்ட இது உதவாது. அதற்கு ‘ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்’. பட்டறைகளுக்கு ஒரு குவெரி, அவற்றின் எண்களையெல்லாம் கொடுத்து வரவுகளுக்கு ஒரு குவெரி. எது எந்தப் பட்டறையுடையது என்று பைத்தானே பொருத்திக்கொள்ளும். பட்டறை எத்தனை இருந்தாலும் குவெரி இரண்டுதான்.