தாக்குதலின் சமிக்ஞையே கடிவாளமாகும் விதம்

வேறு வகை அணுக்களாக வளரக்கூடிய குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) ஊசியாகப் போட்டுக்கொண்டால் நோய் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று வரும் விளம்பரங்கள் உண்மையா என்று குடியாத்தத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எந்தக் குருத்தணு என்பதைப் பொறுத்தது விடை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடந்துவரும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் செலுத்தப்படும் இரத்தக் குருத்தணுக்கள், தலசீமியா போன்ற நோயுள்ளவருக்குச் சிவப்பணுக்களோடு ஒரு புதிய எதிர்ப்பு மண்டலத்தையே உருவாக்கித் தருகின்றன. கொடையாளரின் டி அணுக்கள் (எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு வகை வெள்ளையணுக்கள்) சில வேளைகளில் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமாகக் கருதித் தாக்குவதும் உண்டு.

விளம்பரங்களில் பெரும்பாலும் பேசப்படுபவை, அதே மஜ்ஜையில் மிகச் சிறிய அளவில் இருக்கும் இடைத்திசுக் குருத்தணுக்கள். இவற்றின் பெயர்பெற்ற குணம் எதிர்ப்பைக் கூட்டுவதன்று, அடக்குவது.

அந்த அடக்கும் முறையில்தான் எனக்குத் தீராத வியப்பு. இவ்வணுக்கள் எப்போதும் அடக்கிக்கொண்டே இருப்பதில்லை. டி அணுக்கள் தாக்குதலில் இறங்கும்போது இன்டர்ஃபெரான் காமா என்னும் புரதத்தைச் சுரக்கின்றன; மற்ற எதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிடும் அதே புரதம், இடைத்திசுக் குருத்தணுவை எட்டியதும் அதற்குள் ஐ.டி.ஓ. என்ற நொதியை உண்டாக்கச் செய்கிறது. பருப்பிலிருந்தும் பாலிலிருந்தும் நாம் பெறுகின்ற, உடல் தானே தயாரிக்க இயலாத டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை அந்நொதி சிதைத்துவிடுவதால், அருகிலுள்ள டி அணுக்கள் அது கிடைக்காமல் பெருக முடியாமல் நின்றுவிடுகின்றன. சிதைவில் விளையும் கைனுரெனின் என்ற பொருளோ அமைதிப்படுத்தும் வகை டி அணுக்கள் உருவாகத் துணைபுரிகிறது. கருவுற்ற சுண்டெலிகளில் இதே நொதியைத் தடுத்தபோது, தந்தைவழிக் கூறுகளைச் சுமந்த கருவைத் தாயின் டி அணுக்கள் அழித்துவிட்டன என்று 1998இல் கண்டறியப்பட்டது.

இரத்தக் குழாய் வழியே செலுத்தப்படும் இவ்வணுக்களில் பெரும்பகுதி நுரையீரலில் சிக்கி விரைவில் மடிகின்றன. மடிந்தவற்றை விழுங்கும் விழுங்கணுக்களும் அதன்பின் அழற்சியைத் தணிக்கும் போக்குக்கு மாறிவிடுகின்றன.

மஜ்ஜை மாற்றுக்குப்பின் கொடையாளர் அணுக்களின் கடும் தாக்குதலுக்கு ஆளான 9 வயதுச் சிறுவன், தாயின் இடைத்திசுக் குருத்தணுக்களால் தேறியதை ஸ்டாக்ஹோம் மருத்துவர்கள் 2004இல் வெளியிட்டனர். ஸ்டீராய்டுக்கு அடங்காத இந்நிலைக்கு ஆளான குழந்தைகளுக்கு இத்தகைய அணு மருந்தை அமெரிக்கா அங்கீகரித்தது 2024 டிசம்பரில்தான். இருபது ஆண்டு ஆய்வை ஒரு துண்டறிக்கையில் தாண்டிவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

தாக்குதலே நடவாத, நலமாக இருக்கும் உடலில் இன்டர்ஃபெரான் காமா மிகக் குறைவு என்பதால், அங்கே இவ்வணுக்களை இவ்வழியில் முடுக்கிவிட ஏதுமில்லை. இரத்தக் குருத்தணு மாற்றைத் தவிர்த்த ஏனைய பயன்பாடுகள் அனுமதி பெற்ற ஆய்வுகளுக்குள் மட்டுமே நடக்கவேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்குக் கட்டணம் கேட்கவும் கூடாது.