டிவியைத் தூக்கிக்கொண்டு வரும் முன்

களியக்காவிளையில் டிவி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி இடி மின்னலில் போர்டு கருகி வரும் டிவிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. போன மாதம் பாறசாலையிலிருந்து ஒரு பையன் 43 இஞ்ச் டிவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். "சேட்டா, இதுல படம் லேட்டா வருது." நியூஸ், சினிமா எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறதாம். எம்எல்பி தி ஷோ என்கிற பேஸ்பால் கேமில் மட்டும்தான் தொல்லை, அதுவும் ஆல்-ஸ்டார் லெவல் வரை ஜெயித்துக்கொண்டிருந்தவனுக்கு அதைவிடக் கஷ்டமான ஹால் ஆஃப் ஃபேம் லெவலுக்கு மாற்றியதிலிருந்து பந்து மட்டையில் படவே இல்லை.

பேனல், பேக்லைட், மெயின் போர்டு எல்லாம் நன்றாக இருந்தன. செட்டிங்ஸைத் திறந்தேன். பிக்சர் மோடு 'விவிட்', மோஷன் ஸ்மூத்திங் உச்சத்தில். வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதே இல்லை.

விஷயம் இதுதான். ஸ்மூத்திங் ஓடும்போது டிவி ஒரு ஃபிரேமைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஃபிரேம் வந்ததும் இரண்டுக்கும் நடுவே புதிதாக ஒன்றைச் செய்து காட்டுகிறது. சினிமாவில் சத்தத்தையும் சேர்த்துத் தாமதித்துவிடும், உங்களுக்குத் தெரியாது. கேமில் நீங்கள் பார்ப்பது நடந்து முடிந்தது. இந்த மாதிரி மோடில் சில டிவிகள் 100 மில்லிசெகண்ட் வரை பின்தங்கும். 95 மைல் வேகத்தில், அதாவது மணிக்கு 153 கிலோமீட்டரில், வீசிய பந்து உங்களிடம் வர சுமார் 0.4 செகண்ட்தான் ஆகும். அதில் கால்வாசியை டிவியே தின்றுவிட்டால் மிச்சத்தில் என்ன பார்த்து என்ன அடிப்பது?

லெவல் ஏற ஏறப் பந்தின் வேகமும் கூடும், அடிக்கக் குறிவைக்கத் திரையில் தெரியும் வட்டமும் சுருங்கும். அதனால் கீழ் லெவலில் மறைந்திருந்த தாமதம் மேலே போனதும் பல்லைக் காட்டுகிறது. ஸ்மூத்திங் மாதிரி வேலைகளை நிறுத்திவிடும் கேம் மோடைப் போட்டால் பெரும்பாலும் போதும். புது டிவியில் ஏஎல்எல்எம் என்று ஒன்று இருக்கும், கன்சோலும் (கேம் ஆடும் பெட்டி) அதற்கு ஒத்துழைத்தால், கேம் ஓடும்போது டிவி தானாகவே கேம் மோடுக்குப் போய்விடும். அதுவும் எந்த எச்டிஎம்ஐ போர்ட்டில் வேலை செய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிவியா கையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு ஸ்விங்குக்கும் பிறகு சீக்கிரமா, தாமதமா என்று கேமே சொல்கிறது. சரியாக அடித்தேன் என்று நீங்கள் நினைத்ததெல்லாம் 'லேட்' என்றே வந்தால் டிவியைச் சந்தேகப்படுங்கள். லேட்டும் எர்லியும் கலந்து வந்தால், தம்பி, குற்றம் கையில்தான்.

கேம் மோடைப் போட்டுக் கடையிலேயே அவனை ஆட விட்டேன். பந்து மட்டையில் பட்டது, ஆனாலும் தோற்றான். ஏனென்றால் வருகிற பந்துக்கெல்லாம் மட்டையை வீசுகிறான். நம் பக்கத்தில் ஆறு ஓவர் டென்னிஸ் பால் மேட்ச் ஆடியவன் எவனுக்கும் பந்தை விடத் தெரியாது, விட்டால் டீமே திட்டும். பேஸ்பாலில் குறித்த எல்லைக்கு வெளியே போகும் பந்தை ('பால்' என்பார்கள்) நான்கு முறை விட்டால் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். எல்லைக்குள் வருவதை விட்டாலோ, மட்டையை வீசித் தவறவிட்டாலோ அது 'ஸ்ட்ரைக்', மூன்று ஆனால் அவுட். தாமத டிவியில் பழகியவனுக்கு இது இன்னும் கஷ்டம். பந்து பிட்சரின் (பந்து வீசுபவரின்) கையை விட்டுப் புறப்படும்போதே மட்டையை வீச முடிவு செய்துவிடும் பழக்கம், டிவி சரியான பிறகும் போகாது.

அடிக்க வரும் ஒவ்வொருவருக்கும் முதல் பந்தை அடிக்கவே கூடாது என்று வைத்துக்கொண்டு ஒரு இன்னிங்ஸ் ஆடச் சொன்னேன். இரண்டு பால், ஸ்ட்ரைக் இல்லை என்ற நிலை வந்தால் ஃபாஸ்ட்பாலை (வேகப் பந்தை) மட்டும், அதுவும் ஒரே இடத்தில் மட்டும் எதிர்பார்; வேறு எது வந்தாலும் விடு. இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு இந்த வசதி இல்லை, ஓரத்தில் வருவதையும் தடுத்தாக வேண்டும். பிராக்டிஸ் மோடில் வேகப் பந்து மட்டும் வரும்படி வைத்து தினமும் பத்து நிமிஷம், மட்டையைத் தூக்காமல், இது ஸ்ட்ரைக்கா இல்லையா என்று வாயால் சொல்லிப் பழகுவதும் நல்லது. என் கடைப் பையன்கள் சிரித்தார்கள், பரவாயில்லை.

நீங்கள் பந்து வீசும்போது ஒன்றுதான்: ஒரே பந்தை ஒரே இடத்தில் திரும்பப் போடாதீர்கள். மேலே, அடிப்பவனை ஒட்டி ஒரு ஃபாஸ்ட்பால், அடுத்தது கீழே, அவனை விட்டு விலகி ஒரு சேஞ்ச்அப் (வேகப் பந்து மாதிரியே தெரிந்து மெதுவாக வருவது). பிட்சர் களைத்தால் உடனே மாற்றுங்கள். ஆன்லைனில் ஆடுபவர்கள் வைஃபையை விட்டு கேபிள் போடுங்கள்.

அவனிடம் செக்கிங் சார்ஜ் மட்டும் வாங்கினேன், ஆட்டோவுக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறான். அப்புறம் ஒரு வேண்டுகோள், டிவியைக் கொண்டு வருபவர்கள் ரிமோட்டையும் எடுத்து வாருங்கள். அவன் மறந்துவிட்டு வந்ததால் பொருந்துகிற ரிமோட்டைத் தேடவே எனக்கு முக்கால் மணி நேரம் போனது.