ரியோஸ்டாட் – மின்தடை மாற்றி

பிளஸ் டூ இயற்பியல் ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள்: நீளமான பீங்கான் உருளை, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய கம்பி, மேலே தள்ளினால் நகரும் ஒரு தொடுமுனை. அதுதான் ரியோஸ்டாட். 1843-இல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் இந்தப் பெயரை அறிமுகப்படுத்தினார். கிரேக்கத்தில் 'ரியோஸ்' என்றால் ஓட்டம். 'ஸ்டாட்' என்பது நிலைநிறுத்துவது. நம் பாடநூல்கள் 'மின்தடை மாற்றி' என்கின்றன. கருவிக்குள் நடப்பதையே பெயராக்கிய நல்ல சொல்.

ஆனால் ஸ்லாட் கார் பந்தயத்தில், அதாவது தடத்தின் காடியைப் பிடித்து ஓடும் சின்ன மின்சாரக் கார்களின் போட்டியில், இந்தச் சொல்லைக் கவனித்துப் பயன்படுத்த வேண்டும். தடத்தில் ஒரு காடி, அதன் இருபுறமும் உலோகப் பட்டை, அதில் பெரும்பாலும் 12 வோல்ட். காரின் வேகம் கையில் பிடித்த கருவியின் விசையில், அதாவது விரலால் அழுத்தும் டிரிக்கரில் இருக்கிறது. பழைய வகைக் கருவிக்குள் இருப்பது அசல் மின்தடை மாற்றி. விசையை அழுத்த அழுத்தத் தடை குறையும். சிக்கல் என்னவென்றால், தடை தின்னும் வோல்ட் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. விசை 10 ஓமில் நிற்கிறது என்று வையுங்கள். அரை ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 5 வோல்ட் போய்விடும், 0.2 ஆம்பியர் இழுப்பதற்கு 2 வோல்ட்தான் போகும். அதனால்தான் ஹெச்.ஓ. எனும் மிகச் சின்ன அளவுக் கார்களுக்கு அதிக ஓம், அசல் காரில் 24-இல் ஒரு பங்கு நீளமுள்ள பெரிய 1/24 கார்களுக்கு ஒருசில ஓம் என்று கருவியையே மாற்றுவார்கள்.

புதிய வகையான மின்னணுக் கருவியில் விசை டிரான்சிஸ்டருக்குச் சைகை மட்டும் தருகிறது. டிரான்சிஸ்டர்தான் வோல்டை நிர்ணயிக்கிறது, அல்லது நொடிக்குப் பலமுறை மின்சாரத்தை விட்டுவிட்டுத் தருகிறது. மோட்டார் எதுவானாலும் விசையின் பிடி ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வீட்டில் சூடாகிக்கொண்டிருந்த பழைய ஃபேன் ரெகுலேட்டர் பெட்டிக்கும் இன்றைய சின்னக் குமிழுக்கும் உள்ள வேறுபாடு மாதிரிதான். ஒரு குறை உண்டு: விசையை முழுதாக அழுத்தினாலும் டிரான்சிஸ்டர் கொஞ்சம் வோல்டைத் தனக்கே வைத்துக்கொள்ளும். நல்ல கருவிகள் சில அந்த நேரத்தில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக டிரான்சிஸ்டரைச் சுற்றிக்கொண்டு போகும்.

சரி, இதையும் மின்தடை மாற்றி என்று சொல்லலாமா? கூடாது. இங்கே மோட்டாரின் பாதையில் தடையை யாரும் மாற்றவில்லை. துப்பாக்கியில் அழுத்துவதையும் விசை என்றுதானே சொல்கிறோம். இரண்டு வகைக்கும் பொதுவாகக் 'கைவிசை' என்பேன், புதியதை 'மின்னணுக் கைவிசை' என்பேன். விரலை எடுத்ததும் மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்துக் காரை நிறுத்துகிற பிரேக்கும் அதே விசையில்தான் இருக்கிறது. 'மின்தடை மாற்றி' என்ற பெயரில் அதற்கு இடமில்லை.