சிமித்தேரி: தூங்குகிற இடம்

அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் அம்மாயி மண்வெட்டியைத் தேடுவார். “சிமித்தேரில புல்லு இடுப்புக்கு வந்திருக்கும், நாளைக்குப் போயிடணும்” என்பார். சிமித்தேரி என்றால் கிறிஸ்தவர்களைப் புதைக்கிற இடம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள், இறந்தவர்களை நினைக்கிற நாள். அதற்குள் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சிலுவைக்கு மாலை போட்டாக வேண்டும். சேலத்துப் பழைய கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது கோயில் வட்டாரங்களில், வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கல்லூரியில் படிக்கிற அக்கா மகள் போன வருஷம் கேட்டாள்: “சிமித்தேரின்னு சொல்றது தப்புதானே, செமெட்ரிங்கிறதைத்தானே இவங்க இப்படிச் சொல்றாங்க?” இல்லை. இது ஆங்கிலத்தைச் சிதைத்த சொல் இல்லவே இல்லை. போர்த்துகீசிய மொழியின் ‘செமித்தேரியோ’தான் நம் வாயில் சிமித்தேரி, செமித்தேரி என்று ஊருக்கு ஓர் உச்சரிப்பாக நிற்கிறது. சாவி, ஜன்னல், மேஜை, அலமாரி, பாதிரி எல்லாம் வந்த அதே கப்பலில் வந்த சொல். ஆங்கிலச் சொல் அதற்குப் பங்காளி, அவ்வளவுதான். இரண்டுக்கும் மூலம் லத்தீன், லத்தீனுக்கு மூலம் கிரேக்கத்தின் ‘கொய்மெத்தேரியோன்’.

அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? தூங்குகிற இடம். படுக்கை அறை, பலர் சேர்ந்து படுக்கிற கூடம், இதுதான் முதல் பொருள். புதைக்கிற இடத்துக்குக் கிரேக்கத்தில் வேறு சொல் இல்லாமல் இல்லை. ‘நெக்ரோபோலிஸ்’ இருந்தது, செத்தவர்களின் ஊர் என்று பொருள். ஆதிக் கிறிஸ்தவர்கள் புதைக்கும் இடத்துக்குப் படுக்கை அறையின் பெயரை எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் தூங்குகிறவர் எழுந்திருப்பார். லாசர் இறந்தபோது இயேசு சொன்னதும் ‘நம் நண்பன் தூங்குகிறான்’ என்றுதான்.

இந்தச் சொல் சேலத்துக்கு எப்படி வந்தது? 1530-களில் தென்கோடிக் கடற்கரையான முத்துக்குளித்துறையில் பரதவர்கள் திருமுழுக்குப் பெற்ற காலத்திலிருந்தே போர்த்துகீசியச் சொற்கள் தமிழ்க் கிறிஸ்தவர்களின் பேச்சில் ஏறிவிட்டன. இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி மதுரையிலிருந்து கிளம்பி சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தது 1623-ல். அப்புறம் 1776-ல் பாண்டிச்சேரி மிஷன் பாரிஸ் அயல்நாட்டு வேதபோதகச் சபையின் கைக்கு வந்தது. 1930-ல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயராக, அதாவது பிஷப்பாக, வந்த புருனியே ஆண்டகையும் அந்தச் சபைக்காரர்தான். பிரெஞ்சிலும் இதே வேரிலிருந்து வந்த ‘சிம்த்தியேர்’தான் வழக்கு, அதனால் பிரெஞ்சுச் சாமியார்கள் காதுக்கும் நம் சிமித்தேரி அந்நியமாகப் பட்டிருக்காது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? மயானம் ஒத்துவராது, அது ‘ஸ்மசானம்’ என்ற வடசொல் திரிந்தது, எரிப்பதற்கும் சேர்த்துச் சொல்வது. இடுகாடு நல்ல தமிழ். எரித்தால் சுடுகாடு, மண்ணில் இட்டால் இடுகாடு, பொருளில் ஒரு குறையும் இல்லை. காடு என்றதும் முகம் சுளிக்க வேண்டியதும் இல்லை, நம் பக்கத்தில் “காட்டுக்குப் போறேன்” என்றால் வயலுக்குப் போகிறேன் என்றுதானே அர்த்தம். ஆனாலும் நம் கிறிஸ்தவக் கோயில்காரர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. கல்லறை என்பது தனித்தனிக் குழிமேட்டுக்குப் பொருந்தும், முழு நிலத்துக்கும் அதையே சொன்னால் குழப்பம். அதனால்தான் ‘கல்லறைத் தோட்டம்’ நிலைத்தது. யோவான் நற்செய்தியில் இயேசுவை அடக்கம் செய்த புதுக் கல்லறையே ஒரு தோட்டத்தில்தான் இருந்தது, ஆகவே இது வெறும் மங்கல வழக்கு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் மூலச் சொல்லில் இருக்கிற அந்தத் தூக்கத்தைத் தமிழில் கொண்டுவர வேண்டுமென்றால் என் ஓட்டு ‘துயிலிடம்’ என்பதற்கே. மேலைநாட்டிலிருந்து இறக்குமதி செய்கிற கருத்தும் இல்லை இது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று சங்க காலத்திலேயே அரசர்களை அவர்கள் இறந்த இடத்தை வைத்து அழைத்தார்கள். துஞ்சுதல் என்றால் தூங்குதல், இறத்தல் இரண்டும்தான். கிரேக்கர் சொன்னதும் நம்மவர் சொன்னதும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்துவிடுகிறது. பழைய கல்லறைகளில் ‘நித்திரை அடைந்தார்’ என்று வெட்டியிருப்பதும் இதே பேச்சுதான்.

கல் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். ஏற்காடு மலை ஏறும்போது பார்க்கிற கருநீலச் சாயல் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர். சேர்வராயன் மலை பெரும்பாலும் அதுதான். அந்தப் பெயர் வந்ததே ஒரு கல்லறையிலிருந்து: கல்கத்தாவில் ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல் இந்த வகைப் பாறை என்பதால் 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அப்படிப் பெயரிட்டார். அந்தக் கல் நம் மலையில் வெட்டியது இல்லை, சென்னைப் பக்கத்தில் பல்லாவரம் பகுதியிலிருந்து போனது என்பார்கள். ஆனால் இனம் ஒன்றுதான்.

இனிப் பராமரிப்பு. எங்கள் தாத்தா கல்லறையில் முப்பது நாற்பது வருஷச் சுண்ணாம்பு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, எழுத்துப் பள்ளமெல்லாம் தூர்ந்துபோய்விட்டது. கண்ணால் படிக்க முடியாது. அம்மாயி கட்டைவிரலை வைத்துத் தடவி “இது ‘ஞா’, இது ‘ன’” என்று சொல்வார், எனக்கு விரலில் ஒன்றும் தட்டுப்படாது. சுண்ணாம்பு அடிப்பது நல்ல பழக்கம், எழுத்துக் கல்லை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள். சில வருஷத்துக்கு முன் பக்கத்துக் கல்லறையைப் பளிச்சென்று ஆக்குகிறேன் என்று கூலிக்கு வந்தவர் ஒருவர் பளிங்குப் பலகையில் ஆசிட் ஊற்றிவிட்டார். பாசியோடு பெயரும் போனது. பளிங்குக்குத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டுமானத்தில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல் உதிரும். வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருந்தால் விரல் நீளத்திலேயே பிடுங்கிவிட வேண்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கல்லறையே இரண்டாகப் பிளந்திருக்கும்.

எழுத்து அழிந்துபோனால் எல்லாம் போனது என்று நினைக்க வேண்டாம், பங்கில் இறந்தோர் பதிவேடு இருக்கும். வருஷம் தோராயமாகத் தெரிந்தால்கூடத் தேடலாம். எங்கள் தாத்தாவுடைய தேதியை அப்படித்தான் எடுத்தோம், அவர் பெயருக்கு எதிரே குருவானவர் கையெழுத்தும் மை மங்காமல் இருந்தது. அதைப் பார்த்து ஒரு சின்னக் கருங்கல் பலகை வெட்டச் சொல்லியிருக்கிறோம். ‘இங்கே துயில்கிறார்’ என்றுதான் போடச் சொன்னார் அம்மாயி. இடத்தை மட்டும் அவர் இன்னும் சிமித்தேரி என்றுதான் சொல்கிறார், நானும் அப்படியேதான் சொல்கிறேன்.