நைட் கிளப்: இரவு விடுதியா, இரவு மன்றமா?

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட லண்டனின் இரவு வாழ்வையும் அதைச் சுற்றி வளர்ந்த குற்றங்களையும் களமாகக் கொண்ட வரலாற்றுப் புதினம் ஒன்றைத் தமிழாக்க முற்படுவோர் முதல் அத்தியாயத்திலேயே முட்டிக்கொள்ளும் சொல் ‘நைட் கிளப்’. இன்றைய நாளிதழ்த் தமிழில் இதற்கு ‘இரவு விடுதி’ என்பது நிலைபெற்றுவிட்டது. ஏதோ ஓர் அயல்நாட்டு நகரத்தில் தீ விபத்து நேர்ந்தது என்று செய்தி எழுதுவதற்கு அச்சொல் போதும். ஆனால் 1920களின் லண்டனுக்குள் அதைக் கொண்டுபோனால் கதையின் முடிச்சே அவிழ்ந்துவிடுகிறது. அக்கால நைட் கிளப்பின் உயிர் ‘கிளப்’ என்னும் பின்பாதியில்தான் இருந்தது. ‘இரவு விடுதி’யோ முன்பாதியை மட்டும் பெயர்த்துவிட்டுப் பின்பாதியைக் கைவிட்டுவிடுகிறது.

‘கிளப்’ என்பதன் வேர் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் இருக்கிறது. அம்மொழியில் ‘குளுப்பா’ என்றால் தலை பருத்த தடி, அதாவது குண்டாந்தடி. ஆங்கிலத்திலும் அச்சொல் முதலில் அடிக்கும் தடியையே குறித்தது. சீட்டுக்கட்டில் நாம் கிளாவர் என்று சொல்லும் இனத்துக்கு ஆங்கிலேயர் ‘கிளப்’ என்றே பெயர் வைத்திருப்பதும் இதனால்தான். தென் ஐரோப்பியச் சீட்டுகளில் அந்த இனத்தின் குறி தடியாக இருந்தது. நமது கிளாவர் டச்சுக்காரரிடமிருந்து வந்த வேறொரு சொல், அதற்குப் பொருள் மூவிலைப் புல். தடியின் பருத்த தலையைப் போல ஓரிடத்தில் திரள்வது என்ற பொருளும், அதிலிருந்து பலர் காசு சேர்த்துப் பங்குபோட்டுச் செலவழிப்பது என்ற பொருளும், இறுதியில் அவ்வாறு சேர்ந்த கூட்டத்தாரின் அமைப்பு என்ற பொருளும் 17ஆம் நூற்றாண்டில் அடுத்தடுத்துக் கிளைத்தன. லண்டனின் மிகப் பழைய கனவான் கிளப்புகளில் ஒன்றான ஒயிட்ஸ், 1693இல் சாக்லேட் பானம் விற்கும் கடையாகத் தொடங்கி, பின்னர் உறுப்பினர் அல்லாதாருக்குக் கதவடைத்த அமைப்பாக மாறியது. உள்ளே இருப்பவர் எத்தனை பேர் என்பதைக் காட்டிலும் வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்பதே ஒரு கிளப்பின் பெருமையை முடிவு செய்தது.

‘நைட் கிளப்’ என்னும் கூட்டுச்சொல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தது. 1912இல், சுவீடன் நாடகாசிரியர் ஸ்டிரிண்ட்பெர்க்கின் முன்னாள் மனைவி ஃபிரிடா ஸ்டிரிண்ட்பெர்க், ரீஜன்ட் தெருவை ஒட்டிய ஹெடன் தெருவின் நிலவறை ஒன்றில் ‘பொற்கன்றின் குகை’ என்ற பெயரில் நடத்திய இடம் கலைஞர்களின் கூடாரமாக இருந்து 1914இல் நொடித்துப்போனது. அதுவரை இச்சொல்லில் சற்றே அசட்டுத் துணிச்சலும் கலைமணமும் மட்டுமே இருந்தன. குற்றத்தின் வாடை அதில் ஏறியது சட்டத்தின் வழியாகத்தான்.

அன்றைய இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு மது விற்க உரிமம் வேண்டியிருந்தது. கிளப்புக்கோ அது தேவைப்படவில்லை. கிளப்பில் உள்ள மது உறுப்பினர் அனைவருக்கும் பொதுச் சொத்து. அதில் தம் பங்கை ஒருவர் காசு கொடுத்து எடுத்துக்கொள்வது சட்டப்படி விற்பனை ஆகாது என்று 1882இல் ‘கிராஃப் எதிர் எவன்ஸ்’ வழக்கில் தீர்ப்பாயிற்று. 1902ஆம் ஆண்டுச் சட்டம் கிளப்புகளைப் பதிவு செய்யச் சொன்னது. பதிவு என்பது உரிமத்தைவிட மிக எளிதாக இருந்தது. முதல் உலகப் போரின்போது நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரால் மதுக்கடை நேரம் இறுக்கப்பட்டது. போர் முடிந்த பின்னும் 1921ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இறுக்கத்தைப் பெருமளவுக்கு நிலைக்கச் செய்தது. லண்டனில் இரவு 11 மணிக்குக் கோப்பையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. உணவோடு அருந்துவோருக்கு மட்டும் இன்னும் சற்று நேரம். போர்க்களத்திலிருந்து உயிரோடு திரும்பிய இளைஞர்களும், ஜாஸ் இசையில் மயங்கிய நகரத்தாரும் அந்நேரத்தில் வீடு திரும்பும் மனநிலையில் இல்லை. ஆகவே ஒரு நிலவறை, ஓர் இசைக்குழு, வாசலில் ஓர் உறுப்பினர் பதிவேடு ஆகியவை இருந்தால் நைட் கிளப் தயாராகிவிட்டது. வந்தவரெல்லாம் அந்தக் கணமே உறுப்பினர். சட்டம் நேர்மையான கிளப்புக்குத் தந்த மறைவிடத்தைக் கள்ள மதுக்கடை எடுத்து உடுத்திக்கொண்டது.

இதன் கண்கூடான வடிவம் சோஹோ பகுதியில் ஜெரார்டு தெரு 43ஆம் எண் வீடு. கவிஞர் டிரைடன் வாழ்ந்த இடம் என்று பலகை தாங்கி நிற்கும் அதே முகவரியில், அயர்லாந்தில் 1875இல் பிறந்த கேட் மெய்ரிக், 1921இல் தொடங்கியது ‘43 கிளப்’. பெயருக்காக அதிகம் மெனக்கெடவில்லை, கதவிலக்கமே பெயராயிற்று. இளவரசக் குடும்பத்தாரும் பந்தயக் கும்பல்காரரும் அங்கே ஒரே தளத்தில் ஆடினர். மெய்ரிக்கின் மகள்களில் மூவர் பிரபுக்களை மணந்தனர். அவரோ திரும்பத் திரும்ப ஹாலோவே சிறைக்குப் போய்வந்தார். போதைப்பொருளும் அதே தெருக்களில் திரிந்தது. 1922இல் ஃபிரிடா கெம்ப்டன் என்ற இளம் நடனப் பெண் கொகெய்ன் உட்கொண்டு இறந்தபோது நாளிதழ்கள் கொந்தளித்தன. அவ்வழக்கில் பெயர் அடிபட்ட உணவகக்காரர் பிரில்லியன்ட் சாங் 1924இல் வேறொரு வழக்கில் தண்டிக்கப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். அதே 1924இல் உள்துறை அமைச்சராகி 1929 வரை அப்பதவியில் இருந்த வில்லியம் ஜாய்ன்சன்-ஹிக்ஸ், நைட் கிளப்புகளை ஒழிப்பதைத் தம் அறப்போராகவே கொண்டிருந்தார்.

அந்த அறப்போரின் அடித்தளமே அரித்துப்போயிருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. கிளப்புகளைச் சோதனையிடும் பொறுப்பில் இருந்த சார்ஜன்ட் ஜார்ஜ் காடர்டின் வாரச் சம்பளம் ஏறத்தாழ 6 பவுண்டு. அவருக்கோ சொந்த வீடும் காரும் இருந்தன, வைப்புப் பெட்டகத்தில் 12,000 பவுண்டு அளவுக்குப் பணமும் இருந்தது. குதிரைப் பந்தயத்தில் ஈட்டியது, வெம்பிளிப் பொருட்காட்சியில் மிட்டாய் விற்று வந்தது என்றெல்லாம் அவர் கணக்குச் சொன்னார். பெட்டகத்தில் இருந்த நோட்டுகளின் வரிசை எண்கள் வேறு கணக்குச் சொல்லின: வங்கி ஏடுகளைப் புரட்டியபோது அந்நோட்டுகளில் சில மெய்ரிக்கின் கைவழியாக வந்தவை என்று தெரிந்தது. 1929 ஜனவரியில் காடர்டுக்கு 18 மாதக் கடுங்காவலும் 2,000 பவுண்டு அபராதமும், மெய்ரிக்குக்கு 15 மாதக் கடுங்காவலும் விதிக்கப்பட்டன. 1933இல் மெய்ரிக் காலமானார். இங்கே கைமாறியதற்குத் தமிழில் ‘லஞ்சம்’ என்பதைவிட ‘மாமூல்’ என்பதே பொருந்தும். ஒரு காரியத்துக்காக ஒருமுறை கொடுப்பது லஞ்சம். தவணை தவறாமல் போய்ச்சேர்வது மாமூல்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘கிளப்’ என்பதை அப்படியே வைத்துக்கொள்வது எளிய வழி. ஆயினும் அச்சொல் தமிழில் ஏற்கெனவே வேறொரு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது. 1832இல் தோன்றிய மெட்ராஸ் கிளப், 1873இல் தோன்றிய காஸ்மாபாலிட்டன் கிளப் ஆகியவற்றின் வழியே மேட்டுக்குடிக் கிளப்பைத் தமிழர் அறிந்தனர் என்றாலும், மெய்ரிக் சோஹோவில் கடை விரித்த அதே காலத்தில் தமிழ்நாட்டுத் தெருக்களில் ‘கிளப்’ என்றால் பலகாரமும் காப்பியும் கிடைக்கும் இடம். ‘காபி கிளப்’ என்ற பெயர்ப்பலகையை நினைவில் வைத்திருக்கும் மூத்த வாசகர், 1926ஆம் ஆண்டு லண்டனில் ஒருவர் கிளப்புக்குப் போனார் என்று படித்தால் இட்லி சாப்பிடப் போனார் என்று நினைக்க மாட்டார்தான். எனினும் அச்சொல்லுக்கு உறுப்பினர் என்னும் நிழல் தமிழில் உறுதியாகப் படியவில்லை என்பது உண்மை.

‘விடுதி’யின் குறை இன்னும் வெளிப்படையானது. அது தங்கும் இடம். மாணவர் விடுதி, தங்கும் விடுதி, பெண்கள் விடுதி என்று அச்சொல் போகுமிடமெல்லாம் படுக்கையைச் சுமந்துகொண்டே போகிறது. ‘உணவு விடுதி’ என்ற வழக்கு இப்பொருளைச் சற்றுத் தளர்த்தியிருந்தாலும், ‘இரவு’ என்ற அடை சேர்ந்தவுடன் படுக்கை திரும்பி வந்துவிடுகிறது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் வரும் ‘களியாட்ட விடுதி’, இங்கே சிலர் எழுதும் ‘கேளிக்கை விடுதி’ ஆகியவை ஆட்டத்தையும் பாட்டத்தையும் சொல்லிவிடுகின்றன. களியாட்டம் என்பதில் கள்ளின் களிப்பும் ஒலிப்பதால் அது எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் அதிலும் உறுப்பினர் பதிவேட்டுக்கு இடமில்லை.

எஞ்சுவது ‘மன்றம்’. பழந்தமிழில் மன்று, மன்றம் என்பன ஊரார் கூடும் திறந்த பொதுவிடம். ‘மனைக்கெழீஇ மன்றில் பழிப்பார் தொடர்பு’ என்ற குறளில் மனை தனியிடமாகவும் மன்று பலர் முன்னான இடமாகவும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. அந்தக் கணக்கில் பார்த்தால் கதவடைத்த கிளப்புக்கு மன்றம் என்று பெயரிடுவது நேர்மாறானது என்று ஒருவர் வாதிடலாம். வாதம் சரி, வழக்கு வேறு. இலக்கிய மன்றம், நற்பணி மன்றம், ரசிகர் மன்றம் என இன்றைய மன்றத்துக்கு உறுப்பினரும் சந்தாவும் செயலாளரும் உண்டு. அதைவிட வலுவான சான்று ‘மனமகிழ் மன்றம்’. 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுபான விதிகளின்படி கிளப்புகளுக்கு வழங்கப்படும் எஃப்.எல்.2 உரிமத்தைப் பெற்று, உறுப்பினர்களுக்கு மது பரிமாறும் இடத்தை நாம் அப்பெயரால்தான் அழைக்கிறோம். உறுப்பினர் அல்லாதாருக்கும் அங்கே மது விற்பதாகப் புகார் எழும்போதெல்லாம், ‘மனமகிழ் மன்றம் என்ற பெயரில்’ என்று நாளிதழ்கள் எழுதும் தொடரில் 1920களின் லண்டன் நைட் கிளப்பின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆகவே அக்காலக் கதைக்கு ‘இரவு மன்றம்’ என்பதையே பரிந்துரைப்பேன். ஐயமிருப்பவர் ஒரு காட்சியில் பொருத்திப் பார்க்கலாம். மாலைநேர உடையில் மாறுவேடமிட்டு வரும் காவலரை வாசற்காரர் நிறுத்தி, ‘மன்றத்தில் உறுப்பினரா ஐயா?’ என்று கேட்டால் அவ்வினாவின் ஆபத்து தமிழ் வாசகருக்கு உடனே எட்டும். ‘விடுதியில் உறுப்பினரா?’ என்றால் கேள்வியே பிடிபடாது. கதைமாந்தர் தம் பேச்சில் ‘கிளப்’ என்று சொல்வதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆசிரியர் கூற்றில் மன்றம் நிற்கட்டும். இன்றைய நகரங்களில் நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் ஆடலாம் என்ற நிலையில் உள்ள இடங்களுக்கு ‘இரவு விடுதி’யே தொடரலாம், ஏனெனில் அங்கே கிளப் என்பது வெறும் பெயரளவில் எஞ்சியிருக்கிறது.

இதனோடு ஒட்டிய இரண்டொரு சொற்களையும் பிரித்தறிய வேண்டும். இம்மன்றங்களில் கூலிக்கு ஆடிய பெண்களை ‘நடன ஆசிரியை’ என்று நாகரிகமாகக் குறிப்பிடுவது அக்கால வழக்கம். தமிழில் ‘நடனத் துணை’ என்று எழுதி, வழக்குமன்றக் காட்சிகளில் மட்டும் ‘நடன ஆசிரியை’யைக் கொண்டுவந்தால் அந்தப் பூசிமெழுகலும் புலப்படும். 1930களில் மன்றங்களின் மீது பிடி இறுகியபோது முளைத்த ‘பாட்டில் பார்ட்டி’ வேறு வகை: விருந்தினர் முன்கூட்டியே மதுக்கடையில் வாங்கிவைத்த புட்டிகளை ஒருவரது தனி விருந்தில் அருந்துவதாகப் பாவனை, அதில் உறுப்பினர் என்ற பேச்சே இல்லை. அமெரிக்காவின் ‘ஸ்பீக்கீசி’யை இவற்றோடு குழப்பவே கூடாது. 1920 முதல் 1933 வரை அங்கே மது விற்பனையே நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருந்ததால், குரலைத் தாழ்த்திக் கேட்டுக் குடிக்க வேண்டிய அந்த இடத்துக்குச் சட்டத்தின் எந்தப் போர்வையும் இல்லை. அது கள்ள மதுக்கடை, அவ்வளவுதான்.